புயல் ஒரு ராத்திரி, சிரமம் பத்து நாள்

(வானொலியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)

வழக்கமாக நான் நாற்றங்கால், உரம், பூச்சி மருந்து என்று வயலைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கு வயலை விட்டு வீட்டுக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் அடிக்கிற புயலுக்குக் குடும்பத்தை எப்படித் தயார் செய்துகொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு. மழைக்காலம் வருகிறதென்றால் வயலுக்கு வடிகால் வெட்டுகிறோம், வரப்பைப் பலப்படுத்துகிறோம். ஆனால் நாம் படுத்து எழுந்திருக்கிற வீட்டுக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதில்லை.

"கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழைக்கு இந்தச் சொல் பெரும்பாலும் சரிதான். ஆனால் புயலுக்குப் பொருந்தாது. தனுஷ்கோடியைக் கடல் அழித்தது 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில். அது மார்கழி மாதம். கடலூரையும் பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களையும் சாய்த்த தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி. அதுவும் மார்கழிதான். அதேபோல நாகப்பட்டினத்தை உலுக்கிய 1977-ஆம் ஆண்டுப் புயல் நவம்பர் 12-இலும், வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா 2018 நவம்பர் 16-இலும் வந்தன. இவை இரண்டும் ஐப்பசி முடிகிற சமயம். ஆகவே ஐப்பசி பிறந்தது முதல் தை பிறக்கும் வரை நமக்குப் புயல் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைகளைப் புரட்டாசிக்குள்ளே முடித்துவிட வேண்டும்.

"நம்ம ஊர் கடலுக்குத் தூரம், நமக்கென்ன?" என்று சிலர் இருக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மழை விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அதோடு நிற்கவில்லை. உள்ளே வெகுதூரம் போய்க் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. காற்று கடற்கரையோடு குறைந்தாலும் மழை உள்நாடு வரைக்கும் வரும்.

எதற்குத் தயாராவது?

புயல் என்றதும் நமக்குக் காற்றடிக்கிற அந்த ஒரு ராத்திரிதான் மனதில் நிற்கிறது. கஜாவுக்குப் பிறகு பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் போனபோது ஜனங்கள் என்னிடம் அதிகம் சொன்னது அந்த ராத்திரியைப் பற்றியல்ல. "கரண்ட் இல்லை சார், மோட்டார் ஓடலை, குடிக்கத் தண்ணி இல்லை" என்பதைத்தான் சொன்னார்கள். லட்சக்கணக்கான தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் ஆயிரமாயிரமாகச் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு ஜெனரேட்டர் தேடி அலைந்தார்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக் காசு கொடுத்தார்கள்.

காற்று எட்டு மணி, பத்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு மின்சாரம், குழாய்த் தண்ணீர், கடை, பஸ் எதுவும் இல்லாமல் பத்து நாள் குடும்பம் ஓட வேண்டும். ஆகவே தயாரிப்பும் இரண்டு வகை. ஒன்று, அந்த ராத்திரியில் உயிரோடு இருப்பது. மற்றொன்று, அடுத்த பத்து நாளைத் தள்ளுவது. இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதை ஏன் முன்கூட்டியே செய்ய வேண்டும் என்கிறேன் என்றால், எச்சரிக்கை வந்த பிறகு நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். அந்த நேரத்தில் ஊரே தார்ப்பாய்க்கும், கயிற்றுக்கும், தென்னை ஏறுகிற ஆளுக்கும் அலையும். வயலில் வடிகால் திறக்கிற வேலையும் அப்போதுதான் வந்து நிற்கும். எல்லாம் ஒரே நாளில் ஆகாது.

கூரை ஏன் பறக்கிறது?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரைச் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 120 கிலோமீட்டர் ஆனால் அதே இடத்தில் சுமார் 68 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைவிட அதிகம். போன மழைக்காலத்துக் காற்றைத் தாங்கிய கூரை புயலையும் தாங்கும் என்று நினைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. காற்று கூரையை அழுத்துவது மட்டுமல்ல, மேலே உறிஞ்சித் தூக்கவும் செய்கிறது. காற்று வருகிற பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து கூரையைத் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளு. இரண்டும் சேர்ந்தால் ஓடும் தகரமும் பறந்துவிடும். எனவே கதவுத் தாழ்ப்பாளும் ஜன்னல் கொக்கியும் உறுதியாக இருப்பது கூரைக்கே பாதுகாப்பு. துருப்பிடித்த தாழ்ப்பாளைப் புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள்.

கீற்று வீடாக இருந்தால், கூரை மேலே கயிற்றை இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் வலைபோலப் போட்டு, தரையில் ஆழமாக அடித்த முளைகளில் இழுத்துக் கட்டுங்கள். பக்கத்து மரத்தில் கட்டாதீர்கள். மரம் ஆடும்போது கூரையையும் சேர்த்து இழுக்கும். கைமரம் விட்டத்தோடு சேருகிற இடம், விட்டம் காலோடு சேருகிற இடம் ஆகியவற்றைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுங்கள். கீற்றுக் கூரை முழுதாகப் பிய்ந்து போவது பெரும்பாலும் இந்தக் கட்டுகள் இற்றுப்போவதால்தான்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் கொக்கி ஆணிகளையும் வாஷரையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்றின் இழுப்பு அதிகம். அங்கே ஆணிகளை நெருக்கமாகப் போட வேண்டும். கூரைமேல் கல்லை வைக்கிற பழக்கம் வேண்டாம். ஷீட் உடைந்தால் அந்தக் கல் உள்ளே இருப்பவர் தலையில்தான் விழும். மணல் மூட்டை வைப்பதானால், அடியில் சட்டம் போகிற இடத்தில் வைத்து, ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து வையுங்கள். ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டு ஓட்டையும் ஓரத்து வரிசையையும் சிமெண்ட் கலவை வைத்துப் பூசிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

இவ்வளவு செய்தாலும் பெரும்புயல் இரவில் கீற்று வீட்டிலும் ஷீட் வீட்டிலும் யாரும் படுக்கக்கூடாது. இந்த வேலையெல்லாம் வீட்டையும் சாமானையும் காப்பாற்றத்தான். நீங்கள் அந்த இரவு எந்தக் காரை வீட்டில், எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தப் புயல் பாதுகாப்பு மையத்தில் தங்குவது என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். உறவுக்காரர் வீடென்றால் அவர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள். கடலோரத்தில் தாழ்வான இடத்தில் இருப்பவர்களுக்குக் காரை வீடும் போதாது. கடல் உள்ளே ஏறினால் சுவர் நிற்காது. அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் அன்று பகலிலேயே கிளம்பிவிடுங்கள்.

வீட்டைச் சுற்றியுள்ள மரம்

வீட்டு ஓரத்து முருங்கையை மழைக்கு முன்னே கழித்து விடுங்கள். முருங்கை மெல்லிய மரம், சட்டென்று முறியும். வெட்டினாலும் தை, மாசியில் மறுபடி துளிர்த்துவிடும். வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளைகள், பட்டுப்போன மரங்கள், மின்கம்பியைத் தொடுகிற கிளைகள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் நீங்களே அரிவாளோடு ஏறாதீர்கள். மின்வாரிய ஆட்களைக் கூப்பிட்டு, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.

தென்னையில் முற்றிய காய், இளநீர், கீழ்ச்சுற்று மட்டை, காய்ந்த பன்னாடை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். தலைப்பாரம் குறைந்தால் மரம் தப்பிக்க வழி உண்டு. பறக்கிற மட்டையும் காயும் கூரையையும் ஆளையும் அடிக்காமலும் இருக்கும். இறக்கிய காய் பத்து நாள் சமையலுக்கும் உதவும்.

தண்ணீர்: முதல் கணக்கு

பத்து நாளைக்கு வேண்டியவற்றில் முதலாவது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். வீட்டில் ஐந்து பேர். நாளைக்கு 25 லிட்டர். பத்து நாளைக்கு 250 லிட்டர். இரண்டு டிரம்மும் நாலைந்து குடமும் இருந்தால் தீர்ந்தது. டிரம்மைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. நெல் அவிக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் வைத்திருப்பதைத் தேய்த்துக் கழுவிக் காய வைத்து, மூடியோடு தயாராக வையுங்கள். ஆனால் பூச்சி மருந்து வந்த கேனை எந்தக் காரணத்தைக் கொண்டும் குடிதண்ணீருக்கு எடுக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது ஆகாது.

ஊருக்குப் பொதுவான ஒரு யோசனையும் சொல்கிறேன். மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்த பிறகு நாம் மறந்துபோன சாதனம் கைப்பம்பு. மின்சாரம் இல்லாத பத்து நாளிலும் தண்ணீர் தரக்கூடியது அதுதான். உங்கள் தெருவில் கைப்பம்பு இருந்தால் இன்றைக்கே போய் அடித்துப் பாருங்கள். ரிப்பேராகிக் கிடந்தால் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் எழுந்து கேளுங்கள். அந்தத் தேதி புயல் காலத்துக்குச் சரியாக முன்னே வருகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு ஜெனரேட்டர் எங்கிருந்து வரும், யார் கொண்டு வருவார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடிவு செய்துவிடலாம்.

அடுப்பும் உணவும்

அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய் ஆகியவை பத்து நாளைக்குக் குறையாமல் இருக்கட்டும். அடுப்பு பற்ற வைக்க முடியாத முதல் இரண்டு நாளுக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் தீருகிற நிலையில் இருந்தால் முன்னதாகவே அடுத்த சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள். ரோடு அடைபட்டால் வண்டி வராது. விறகும் வறட்டியும் ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு நனையாத இடத்தில், தரையில் படாமல் பரண்மேல் கிடக்கட்டும்.

பத்தாயத்து நெல்லும் சாக்கில் கட்டின விதையும் தரையில் இருக்கக்கூடாது. செங்கல் அடுக்கிப் பலகை போட்டு இரண்டடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மேலே தார்ப்பாய் மூடுங்கள். காற்று ஓய்ந்து வெயில் அடித்ததும் திறந்து காய வைக்க மறக்காதீர்கள். மூடியே கிடந்தால் விதை முளைப்புத் திறன் போய்விடும்.

ஒரு பை

வீட்டில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பை தயார் செய்து, ஆணியில் மாட்டி வையுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் பாஸ்புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாம் அதில் இருக்கட்டும். செல்போனில் இவற்றைப் போட்டோ எடுத்து, வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யக் கடைசித் தேதி நவம்பர் மாதத்தை ஒட்டி வரும். புயல் கிளம்பிய பிறகு ஓடினால் காலம் கடந்துவிடும். முன்னதாகவே கட்டிவிடுங்கள்.

அந்தப் பையிலேயே கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். மின்சாரம் இல்லாத ஊரில் பணம் எடுக்கிற மிஷினும் ஓடாது, செல்போனில் பணம் அனுப்பவும் முடியாது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பதினைந்து நாள் மாத்திரையை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், ஃப்ரிட்ஜ் ஓடாத நாளில் மருந்தை மூடிய டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

டார்ச் விளக்கு, அதற்கு மாற்று பாட்டரி, தீப்பெட்டி, மெழுகுவத்தி, பாட்டரியில் ஓடுகிற சின்ன ரேடியோ ஆகியவையும் வேண்டும். ரேடியோவைப் பற்றி ரேடியோவிலேயே சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டால் உங்களுக்குச் செய்தி கொண்டு வரக்கூடியது அது ஒன்றுதான்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை

நம் ஊர் வெப்பமான ஊர், குளிரினால் என்ன ஆகும் என்று நினைக்கிறோம். நனைந்த உடம்பில் வாடைக்காற்று பட்டால் உடம்புச் சூடு வேகமாக இறங்கும். கூரை போய், இரவு முழுவதும் ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கிற வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இதனால் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகலாம். மார்கழிப் புயலில் இது இன்னும் அதிகம். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணியும் இரண்டு போர்வையும் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி நனையாமல் வைத்துவிடுங்கள். நனைந்தவர்களுக்கு முதலில் ஈரத் துணியை மாற்றி, தலையைத் துவட்டி, போர்த்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி, கோழிக்குஞ்சுக்கும் இதே கதைதான். அவற்றுக்குக் காய்ந்த சாக்கும் வைக்கோலும் வேண்டும்.

மாடும் குடும்பம்தான்

ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்றால் பத்து நாளைக்கு 60 கிலோ. அதை வைக்கோல் போரிலிருந்து பிரித்து நனையாத இடத்தில் தனியாக வையுங்கள். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைப் போட்டால் மாடு நோயில் விழும். தண்ணீரும் நாளைக்கு 40 லிட்டர் வரை குடிக்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு நாம் போட்ட 25 லிட்டரைவிட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள். தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

புயல் இரவில் மாட்டைக் கொட்டகையில் கட்டிப் போட்டுவிட்டு வருவதுதான் பெரிய சேதத்துக்குக் காரணம். கொட்டகை சாய்ந்தால் நசுங்கும், வெள்ளம் ஏறினால் கயிற்றோடு மூழ்கும். பலமான கட்டடம் இருந்தால் அங்கே கொண்டு போங்கள். இல்லையென்றால் மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டில், கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள். "அடுத்தவன் பயிர்ல மேஞ்சுடுமே" என்பீர்கள். மேய்ந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். செத்த மாடு திரும்பி வராது.

எச்சரிக்கை வந்த பின்

வானிலை மையம் நிறத்தில் அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிரு என்று பொருள். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு எண்ணையும் செய்தியில் சொல்வார்கள். அது கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரிய அறிவிப்பு. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். கூண்டு எண் சின்னதாக இருக்கிறதே என்று மழையைப் பற்றி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

ஆரஞ்சு வந்த அன்றே டிரம்மிலும் குடத்திலும் தண்ணீரை நிரப்புங்கள். செல்போனுக்கும் டார்ச்சுக்கும் சார்ஜ் ஏற்றுங்கள். முற்றத்தில் கிடக்கிற தகரம், கீற்று, கலப்பை, ஸ்பிரேயர், வாளி எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள் அல்லது கட்டிப் போடுங்கள். காற்றில் பறக்கிற ஒரு தகரம் அரிவாளுக்குச் சமம். பிரசவ நாள் நெருங்கிய பெண்ணை முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். வீட்டை விட்டுப் போகுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

நடுவிலே அடங்கினால் ஏமாறாதீர்கள்

புயலின் நடுப்பகுதிக்குக் கண் என்று பெயர். அது உங்கள் ஊர் வழியாகப் போனால், கடுமையாக அடித்த காற்று திடீரென்று நிற்கும். மழைகூட விடும். கால் மணி நேரமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். பிறகு எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். நமது கரையில் பெரும்பாலும் முதலில் வடக்கேயிருந்து அடிக்கிற காற்று, கண் கடந்த பிறகு தெற்கேயிருந்து திரும்பும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஜனங்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவரும் மரமும் இரண்டாவது காற்றில்தான் விழும். "நின்னுடுச்சு, மாட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று அந்த இடைவெளியில் வெளியே போகாதீர்கள். புயல் முழுதும் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன பிறகு வெளியே வாருங்கள்.

விடிந்த பின்

வெளியே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கீழே கிடக்கிற மின்கம்பி. "எங்கும் கரண்ட் இல்லையே, இதில் மட்டும் எப்படி இருக்கும்?" என்று தொடாதீர்கள். பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால்கூட அறுந்த கம்பியில் மின்சாரம் ஏறலாம். மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மாவட்ட அவசர உதவிக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108, கால்நடைக்கு 1962. இந்த எண்களைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் நல்லதுதான். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய திண்ணையிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் பாம்பு ஒதுங்கியிருக்கும். சாமான்களைக் கையால் புரட்டாமல் கோலால் தட்டிப் புரட்டுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேங்கின தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் பித்தவெடிப்பும் புண்ணும் உள்ளவர்களுக்கு அதன் வழியாக எலிக்காய்ச்சல் வரும். செருப்போ பூட்சோ போட்டு இறங்குங்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

குடிதண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற வைத்தே குடிக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துவிட்டு, புதிதாக ஊறின தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் கணக்கு. 2 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் அது சுமார் 9,400 லிட்டர். அதற்கு 24 கிராம் போதும். பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைப் பொட்டலம் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து அடிக்கடி கொடுங்கள்.

சேதமான வீட்டையும் பயிரையும் சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். கால்நடை இறந்திருந்தால் கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொன்ன பிறகே புதையுங்கள். நிவாரணம் கேட்கும்போது இது இல்லாமல் சிரமப்பட்டவர்கள் பலர்.

புயல் வராவிட்டால்?

"வருஷா வருஷம் சொல்றீங்க ஆபீசர் சார், வந்த பாடில்லையே" என்று போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். கடலில் புயல் திசை மாறுவது சகஜம். ஆனால் கணக்குப் பாருங்கள். வாங்கி வைத்த அரிசி வீணாகப் போவதில்லை, தைப் பொங்கலுக்கு ஆகும். இறக்கின தேங்காய் விற்கும். கழித்த முருங்கை துளிர்க்கும். சரி செய்த கூரை அடுத்த வருஷமும் ஒழுகாது. போட்ட செலவில் பெரும்பகுதி வீட்டிலேயே இருக்கும். தயாரில்லாத வீட்டில் புயல் புகுந்தாலோ, இழப்பது ஒரு வருஷ வருமானமும் சில சமயம் உயிரும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். புயல் ராத்திரி எங்கே தங்குவோம்? பத்து நாள் தண்ணீர் எங்கே இருக்கிறது? மாட்டை யார் அவிழ்ப்பது? மூன்றுக்கும் பதில் இருந்தால் உங்கள் வீடு பாதிக்கு மேல் தயார். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கும் இதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். அவர்களிடம் பதில் இல்லையென்றால் உங்கள் பட்டியலில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.